கதவில் ஒட்டிய லோகோ

டிசைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் முன்னால் நின்று நாலு நல்ல வார்த்தை பேசும்படி ஆபீசில் கேட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் எங்கே போய் முடிப்பேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். இதே ராயபுரம் ஆபீசில் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரியும் இதில் இருக்காது. நான் வாங்கிய பாராட்டுகளும் இருக்காது. அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திவாக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு எந்தச் சுவரிலும் இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கொரோனா ஓய்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் குடியிருக்கும் ஜனங்களின் நுரையீரலைப் பத்து வருடம் தொடர்ந்து கவனிக்க ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திட்டம் ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர், லோகோ, வண்ணம், அட்டை, பேனர் எல்லாம் எங்கள் பொறுப்பு. திட்டத்தை நடத்திய டாக்டரம்மா முதல் நாளே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“நாங்க மருந்து கொடுக்கப் போறதில்ல பாய். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லப் போறோம். வருஷா வருஷம் அதே ஆளு வந்து ஊதணும். பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா, முன்னாடி ஊதுனதும் வீண். ஜனங்க நம்புனாத்தான் இது நடக்கும். அந்த நம்பிக்கையைத்தான் நீங்க வரைஞ்சு கொடுக்கணும்.”

நம்பிக்கையை வரைந்து கொடுக்கச் சொன்னால் எந்த டிசைனருக்கும் தலை கொஞ்சம் பெருத்துவிடும். எனக்கு நன்றாகவே பெருத்தது. ‘நம்ம மூச்சு’ என்று பெயர் வைத்தேன். இரண்டு நுரையீரலையும் எதிரெதிரே நிமிர்ந்து நிற்கும் இரண்டு மீன்களாக வரைந்தேன். கடல் நீலம், வெள்ளைப் பின்னணி. இப்போது பார்த்தாலும் அந்தப் படத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்தேன். திட்டத்தில் சேரும் வீடுகளின் கதவில் ஒட்ட, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர். நடுவில் லோகோ, சுற்றிலும் ‘நம்ம மூச்சு, இந்த வீடும் சேர்ந்திருக்கிறது’ என்ற வாசகம். தெருவில் போகிறவர் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று மஞ்சள் விளிம்பு. திட்டத்தின் கமிட்டிக்குக் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கதவு செய்து, அதில் ஸ்டிக்கரை ஒட்டி, பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடியும் வைத்தேன். கடலோரக் குப்பத்தில் அந்த உப்புக் காற்றுக்குச் செம்பருத்தி எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏசி அறையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

டாக்டரம்மா மட்டும், “இதை அந்த ஊர் ஜனங்க யார்கிட்டயாவது காட்டினீங்களா?” என்று கேட்டார்.

“நான் ராயபுரத்துக்காரன் டாக்டர். எங்க ஜனங்க எப்படின்னு எனக்குத் தெரியாதா?” என்றேன்.

இந்த வாக்கியம் எப்போதாவது உங்கள் வாயில் வந்தால், உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேறு ஏதாவது பேசுங்கள். வழியிலுள்ள டோல்கேட் ஸ்டாப்பில் நின்றபடி எண்ணூர் பஸ்ஸைப் பார்த்தவனுக்கு எண்ணூர் தெரியும் என்றால், எனக்கும் காத்திவாக்கம் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திட்டத்தில் யார் சேர்ந்திருக்கிறார் என்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்று சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் படிவத்தில் எழுதியிருந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அடுக்கி வடிவமைத்தது நான்தான். அதே விஷயத்தைக் கதவில் மஞ்சள் விளிம்பு போட்டு ஒட்டப் போகிறோம் என்பது அந்த அறையில் படித்தவர் ஒருவருக்கும் உறைக்கவில்லை. படம் அழகாக இருந்ததுதான் காரணம். அழகாக இருக்கும் ஒன்றைக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வராது.

ஒரு சனிக்கிழமை, காத்திவாக்கத்தில் ஒரு குப்பத்தில் முதல் முறை ஊத வைத்தார்கள். ஊதியவர்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை தொடக்க விழா. பணம் கொடுப்பவர்கள், பெரிய டாக்டர்கள் எல்லாரும் வருவதாக ஏற்பாடு. நடுவில் செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா போன் செய்தார். “ஞாயித்துக்கிழமையிலிருந்து ஒருத்தரும் ஊத வரல பாய். ஊதுனவங்களும் பேரை எடுத்துடச் சொல்றாங்க. ஸ்டிக்கரை எல்லாம் பிச்சுட்டாங்களாம். நீங்களும் வாங்க.”

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? உப்புக் காற்றில் பசை விட்டுவிட்டது என்று தோன்றியது. தரமான பசையுள்ள வேறு ஸ்டிக்கர் தாள்களின் மாதிரிகள் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் அச்சகத்துக்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

பசையில் ஒரு குறையும் இல்லை. கத்தியை விட்டுச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தெரு நெடுக ஒவ்வொரு கதவிலும் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. அந்த வரிசையில் ஒரு வீட்டு வாசலில் தேசம்மா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முகத்துவாரத்தில் வீட்டுக்காரர் பிடித்து வரும் இறாலை வாசலில் வைத்தே உரித்து விற்பதுதான் அவர் பிழைப்பு. பக்கத்துக் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஸ்கூட்டரில் வந்து வாங்கிப் போவார்கள். நாங்கள் போன நேரம் கூடையில் இறால் நிறைய இருந்தது, வாங்க ஒருவரும் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. அது முழுக்க நான் வரைந்த மீன்கள், சுருண்டும் கிழிந்தும் கிடந்தன. தெருவில் சுரண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்.

டாக்டரம்மா என்னை அறிமுகம் செய்தார். தேசம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நீதான் இத்த வரைஞ்சதா பாய்?”

“ஆமாம்மா.”

“நல்லா கீது. கலரு சூப்பரா கீது. அதான் ரோட்லர்ந்தே தெரியுது.” ஓர் இறாலை உரித்துப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். “ஞாயித்துக்கிழம ஒரு அம்மா வண்டிய நிறுத்துச்சு. வருஷக்கணக்கா என்கிட்ட வாங்குற அம்மா. எறால பாக்கல, கதவ பாத்துச்சு. ‘வூட்ல யாருக்கு இன்னா நோவு’ன்னுச்சு. நோவு ஒண்ணும் இல்லமா, ஊத சொன்னாங்க, ஊதினேன், அவ்ளோதான்னேன். ‘சரி, நாளைக்கு வரேன்’னு பூட்ச்சு. வர்ல. மத்தவங்களும் வர்ல. மூணு நாளா உரிச்சி உரிச்சி வெச்சிகினு குந்தினுகிறேன்.”

“இது நோவுக்கு ஒட்டுறது இல்லம்மா. பெருமைக்கு ஒட்டுறது” என்றேன். சொல்லும்போதே அது எனக்கே சரியாகப் படவில்லை.

“கதவுல ஒட்டுனா இன்னா அர்த்தம்னு ஊருக்கே தெரியும் பாய். கொரோனா டைம்ல ஒட்டுனாங்களே, மறந்துட்டியா? அப்போ எத்தினி நாளு இந்தக் கூடைய ஒருத்தரும் தொடல தெரியுமா? நோவு வந்தது மாமியாருக்கு. பூட்டது என் பொழப்பு.” டப்பாவிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து என் முன்னால் விரித்தார். “நம்ம மூச்சுன்னு போட்டுக்கீற. ஒட்டுனது மட்டும் எங்க கதவுல. பெருமைன்னா உன் வூட்டு கதவுல ஒட்டிக்கோ.”

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் உடனே மாற்று டிசைன் காட்டுவது நம் தொழிலின் வியாதி. “மஞ்சளை எடுத்துட்டு, இன்னும் சின்னதா ஒட்டினா...” என்று ஆரம்பித்தேன்.

“சின்னதா ஒட்டுனா சின்ன நோவா?” என்றார் தேசம்மா. பக்கத்து வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் காது சுட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாவியைப் போடும்போது என் கதவைப் பார்த்தேன். எவ்வளவோ வருடமாக அதே பச்சைக் கதவு. நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தில் பெயிண்ட் செவ்வகமாகப் பெயர்ந்து மரம் தெரிந்தது. கொரோனாவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒட்டிய தாளை நானே பிளேடு வைத்துச் சுரண்டிய இடம். பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பால்காரர் தெருமுனையிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டு ஓடியது, இருபது வருடம் பழகிய எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அந்த இடத்தையே வெறித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்த என் மனைவி, “என்னங்க, இப்பதான் முதல் தடவையா பாக்குறீங்களா?” என்று கேட்டாள்.

நான் அழுதுவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் ரொம்ப வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரியாத விஷயத்தில் தப்பு செய்திருந்தால் பரவாயில்லை. என் கதவிலேயே எழுதியிருந்ததைத் தினமும் தள்ளித் திறந்து போய், ஆபீசில் உட்கார்ந்து மறுபடியும் அதையே செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கதவு எனக்கு ஒட்டுவதற்கான ஒரு காலியிடமாக மட்டும் ஆகிவிட்டது.

மறுநாள் காலை தனியாகத் தேசம்மா வாசலுக்குப் போனேன். பையில் எந்தத் தாள் மாதிரியும் எடுத்துப் போகவில்லை. “தப்பு என்னுதுதாம்மா. ஒட்டுனது அவ்ளோவும் எடுத்துடறோம், இனி ஒரு கதவுலயும் ஒட்டமாட்டோம். ஆனா வருஷா வருஷம் வர்ற ஆளுங்க இவங்கதான்னு உங்களுக்கு அடையாளம் தெரியணும்ல? அதுக்கு இன்னா பண்றது?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு தண்ணீரைக் கையால் காட்டினார். இரண்டு மூன்று படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

“அதோ வருதே, அது யாரு போட்டுன்னு இங்கர்ந்தே சொல்லுவேன். எப்டி? கொடி கட்டிக்கினு வருது. கொடி போட்டுல கீது. எங்கனா வலையில மாட்டுன மீனுக்கு யார்னா கொடி கட்டுவாங்களா பாய்?”

அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டு வருபவர்தான் தான் யார் என்று காட்டிக்கொண்டு வர வேண்டும். கொடுப்பவர் தன்னை எங்கேயும் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. என் முப்பத்துநாலு வருட வேலையில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

விழாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அன்று மதியம் கமிட்டியிடம் போய், ஸ்டிக்கர் என் யோசனை, அது தப்பு, நிறுத்துங்கள் என்று சொன்னேன். எங்கள் ஆபீஸ் முதலாளி என் காலை மேசைக்கு அடியில் மிதித்தார். இவ்வளவு அச்சடித்த பிறகு இப்படிப் பேசுகிறாரே என்ற கோபம் அவருக்கு. நான் நிறுத்தவில்லை. லோகோ ஆராய்ச்சிக்காரர்களின் மேல் மட்டும் இருக்கட்டும் என்றேன். வேனின் கூரையில் கொடியாக, கோட்டின் முதுகில், ஊதும் கருவியின் பெட்டியில். ஜனங்கள் கைக்குப் போகும் எதிலும் அது வேண்டாம். முடிவை அனுப்பும் கவர்கூட வெறும் வெள்ளைக் கவராகப் போகட்டும்.

“லோகோ போடாத கவருக்கா உங்களைக் கூப்பிட்டோம்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டரம்மாதான் மேசையில் இருந்த ஒரு வெள்ளைக் கவரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். “உங்களுக்கு ஒரு டெஸ்ட் ரிசல்ட் வருதுன்னு வச்சுக்குங்க சார். தபால்காரர் கையில அது எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்?” அவர் கவரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெள்ளையாவே போகட்டும்” என்றார்.

இதெல்லாம் சரி, தேசம்மாவின் கூடை? அதற்கு வழி கண்டுபிடித்ததும் டாக்டரம்மாதான். குப்பத்தில் மட்டும் தொடங்கியதால்தானே அது குப்பத்து நோய் மாதிரி ஆனது. அதனால் விழா நாளில் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கும் குப்பத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வேனை நிறுத்துவது, எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பது என்று முடிவு செய்தார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சாலைத் திருப்பம் இருந்தது. அங்கேதான் வேன் நின்றது, கூரையில் இரண்டு மீன் கொடி பறக்க.

கூட்டம் வந்தது. ஆனால் ஒருவரும் வரிசைக்கு வரவில்லை. தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேடையில் பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து தேசம்மாவின் குரல் வந்தது. “டாக்டரம்மா, நாங்க முன்னாடியே ஊதிட்டோம். நீங்க யார்னா ஊதுனீங்களா?”

டாக்டரம்மா கோட்டின் கையை மடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஊதினார். பிறகு குழாயின் முனையை மாற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தப்பிக்க இடமில்லை. நானும் உட்கார்ந்தேன்.

அந்தக் கருவியில் ஊதுவது பலூன் ஊதுவது இல்லை. “ஊதுங்க, இன்னும் ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று பக்கத்தில் நின்று ஒருவர் விரட்டுவார். பாதியிலேயே எனக்கு இருமல் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்து, மூன்றாவது தடவையில்தான் ஒரு வழியாக முடித்தேன். மற்றவர்கள் முடிவை வெளியே சொல்லக் கூடாது. என் முடிவை நானே சொல்லிக்கொள்ளலாம். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார்.

“டாக்டரம்மா, அந்த ஸ்டிக்கரு மிச்சம் கீதா?” என்றார் தேசம்மா. “பாய் மேல ஒண்ணு ஒட்டி வுடுங்க.”

சாலைத் திருப்பமே சிரித்தது. சிரித்த கையோடு வரிசையும் சேர்ந்தது. பேரை எடுக்கச் சொன்னவர்களே முதலில் வந்து, எடுக்க வேண்டாம் என்றார்கள். குவார்ட்டர்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்கூட்டரில் வந்து இறால் வாங்கும் ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஊதி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே தேசம்மாவிடம், “எறா இருக்கா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

“நாளைக்கு வா” என்றார் தேசம்மா. பிறகு மனசு கேட்காமல் அவரே பின்னாலேயே போய்க் கூப்பிட்டு அழைத்துப் போனார்.

மிச்ச ஸ்டிக்கர்களை ஆபீசில் பழைய தாளோடு கட்டிப் போட்டார்கள். அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கதவு முன்னால் நின்று, பின்தாளை உரிக்கப் போகும்போது சட்டென்று நிறுத்தி உள்ளே போய், “இதை நம்ம கதவுல ஒட்டலாமா? நீயும் இந்த வீட்லதானே இருக்கே” என்று மனைவியிடம் கேட்டேன். அவள் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். “கேட்டீங்கல்ல, அதுக்காகவே ஒட்டிக்குங்க” என்றாள்.

அந்தப் பழைய செவ்வகத்தின் மேலேயே ஒட்டினேன். வட்டம் என்பதால் முழுக்க மறைக்கவில்லை. நாலு மூலையிலும் பெயர்ந்த மரம் இன்னும் தெரிகிறது. வருடம் தவறாமல் போய் ஊதுகிறேன், தேசம்மாவும் வருகிறார். காத்திவாக்கத்தில் எந்தக் கதவிலும் இப்போது ஒன்றும் இல்லை. என் கதவில் மட்டும்தான் இருக்கிறது. புது பால்காரர் வந்தாலும், கூரியர் தம்பி வந்தாலும், மணியை அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்று, “வூட்ல யாருக்கு இன்னா பாய்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.